டிசைன் பற்றி எழுதவும் ஒரு முதுகலைப் படிப்பு! என்ன சொல்லித் தருகிறார்கள்? யார் படிக்கலாம்? வேலை கிடைக்குமா?

2025 மார்ச் மாதம். தமிழ்நாடு பட்ஜெட் இலச்சினையில் ‘₹’ குறியீட்டுக்குப் பதிலாக ‘ரூ’ என்ற எழுத்து வந்தது. நாடு முழுக்க விவாதம் கிளம்பியது. ஞாபகம் இருக்கிறதா?

அந்த விவாதத்தில் பேசப்பட்டது பெரும்பாலும் அரசியல்தான். அதில் தப்பில்லை. ஆனால், அதற்குள் வேறு சில கேள்விகளும் ஒளிந்திருந்தன. ‘₹’ குறியீட்டில் தேவநாகரி ‘ர’வும், செங்குத்துக் கோடு நீக்கப்பட்ட ரோமன் ‘ஆர்’ எழுத்தும் கலந்திருக்கின்றன. இந்தக் கலவையை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? சின்ன எழுத்தில் அச்சடித்தால் எது தெளிவாகத் தெரியும்? பல மொழிகள் உள்ள நாட்டில் ஒரே குறியீடு யாருக்கெல்லாம் பொருந்தும்?

இப்படிக் கேட்பதையும், பதில் தேடுவதையும், அதைப் பொதுமக்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுவதையும் பாடமாகவே வைத்து முதுகலைப் பட்டம் தருகிறார்கள் என்றால் நம்புவீர்களா? ‘டிசைன் ரிசர்ச், ரைட்டிங் அண்ட் கிரிட்டிசிசம்’ என்பது அதன் பெயர். அதாவது வடிவமைப்பு ஆய்வு, எழுத்து, விமர்சனம். இந்தப் படிப்பு பற்றி விரிவாகப் பார்ப்போம்.

டிசைன் விமர்சனம்னா என்ன?

சினிமா விமர்சனம் எல்லோருக்கும் தெரியும். படம் எப்படி இருக்கு, எங்கே சொதப்பியது, ஏன் பிடித்தது என்று எழுதுவது. டிசைன் விமர்சனமும் கிட்டத்தட்ட அப்படித்தான். எழுதப்படும் பொருள் மட்டும் வேறு. நாற்காலி, மருத்துவமனைக் கட்டில், செல்போன் செயலி, எழுத்துரு, விளையாட்டு மைதானம், ஷாப்பிங் மால், விண்ணப்பப் படிவம்... மனிதன் யோசித்துச் செய்த எதுவும் இதில் வரும்.

ஒரு முக்கியமான வித்தியாசமும் உண்டு. பிடிக்காத படத்தைப் பார்க்காமல் விட்டுவிடலாம். ஆனால் ரேஷன் கடை படிவத்தையோ, பஸ் ஸ்டாண்டையோ, மருந்து அட்டையையோ அப்படித் தவிர்க்க முடியாது. மோசமாக இருந்தாலும் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும். அதனால்தான் இந்த விமர்சனம் ‘அழகா இருக்கு, இல்லை’ என்பதோடு முடிவதில்லை. இதை யார் முடிவு செய்தார்கள், யாருக்காகச் செய்தார்கள், இதனால் யாருக்குக் கஷ்டம் என்பது வரை போகிறது.

அமெரிக்காவில் இதற்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. 1963-ல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் அடா லூயிஸ் ஹக்ஸ்டபிள் என்பவரை முழுநேர கட்டடக்கலை விமர்சகராக நியமித்தது. விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு 1970-ல் முதல்முறையாக வழங்கப்பட்டபோது அதை வாங்கியவரும் அவர்தான். 2025-ல் அதே பிரிவில் பரிசு பெற்றவர் டிசைன் விமர்சகர் அலெக்ஸாண்ட்ரா லாங்கே. ‘ப்ளூம்பெர்க் சிட்டிலேப்’ தளத்தில் அவர் எழுதியது எதைப் பற்றித் தெரியுமா? குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்குமான பொது இடங்கள் பற்றி!

ஒரு வாக்குச்சீட்டு, 537 வாக்குகள்

‘சரி, டிசைன் பற்றி இவ்வளவு யோசிக்கணுமா?’ என்று தோன்றலாம். அதற்கு அடிக்கடி சொல்லப்படும் உதாரணம், 2000-ம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தல்.

புளோரிடா மாகாணத்தின் பாம் பீச் கவுண்டி. அங்கே முதிய வாக்காளர்கள் அதிகம். போட்டியிட்டது 10 வேட்பாளர்கள். அத்தனை பெயரையும் ஒரே பக்கத்தில் போட்டால் எழுத்து ரொம்பச் சின்னதாகிவிடும், பெரியவர்களால் படிக்க முடியாது என்று அதிகாரிகள் நினைத்தார்கள். அதனால் எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். நடுவில் துளையிடும் இடங்கள் ஒரே வரிசையில் இருந்தன. பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இருந்ததால் ‘பட்டர்ஃபிளை பேலட்’ என்று பெயர் வந்தது.

சிக்கல் இங்கேதான். இடது பக்கத்தில் முதல் பெயர் ஜார்ஜ் புஷ், இரண்டாவது பெயர் அல் கோர். ஆனால் நடுவில் இருந்த இரண்டாவது துளை கோருக்கு உரியது கிடையாது. அது வலது பக்கத்தில் முதலில் இருந்த பாட் புக்கானனுக்கு உரியது. கோருக்குப் போட வேண்டுமானால் மூன்றாவது துளையைக் குத்த வேண்டும். ‘இரண்டாவது பெயர், இரண்டாவது துளை’ என்று நினைத்தவர்களின் வாக்கு வேறொருவருக்குப் போனது.

அந்த கவுண்டியில் புக்கானனுக்கு 3,400-க்கும் மேல் வாக்குகள் விழுந்தன. ஒன்றுக்கு மேல் துளையிட்டதால் சுமார் 19,000 சீட்டுகள் செல்லாமல் போயின. மாகாணம் முழுவதும் சேர்த்து புஷ் ஜெயித்த வித்தியாசம் வெறும் 537. கோருக்குப் போட நினைத்து புக்கானனுக்குப் போட்டவர்கள் 2,000-க்கும் மேல் இருப்பார்கள் என்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 2001-ல் வெளியிட்ட ஆய்வு சொன்னது.

இதில் யாரும் மோசடி செய்யவில்லை. நல்ல எண்ணத்தில்தான் எழுத்தைப் பெரிதாக்கினார்கள். ஆனால் அச்சடிக்கும் முன் பத்து முதியவர்களிடம் கொடுத்து, அவர்கள் எங்கே குத்துகிறார்கள் என்று பார்த்திருந்தால் தவறு தெரிந்திருக்கும். அப்படிப் பார்ப்பதுதான் டிசைன் ஆய்வு. நடந்ததை ஆராய்ந்து, இனி நடக்காதபடி எழுதுவதுதான் டிசைன் விமர்சனம்.

நியூயார்க்கில் தொடங்கிய படிப்பு

நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் இருக்கிறது ‘ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ்’. சுருக்கமாக எஸ்விஏ. 1947-ல் கார்ட்டூன் கலைஞர்களுக்கும் ஓவியர்களுக்குமான பள்ளியாக ஆரம்பித்து, பிறகு பெரிய கலைக் கல்லூரியாக வளர்ந்தது.

இங்கே 2008-ல் டிசைன் விமர்சனத்துக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கப்பட்டது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் எழுத்தாளரும் வரலாற்றாளருமான ஆலிஸ் ட்வெம்லோ. இன்னொருவர் ஸ்டீவன் ஹெல்லர். கிராஃபிக் டிசைன் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகங்களை எழுதியும் தொகுத்தும் இருப்பவர் இவர். இந்தப் படிப்பின் செல்லப் பெயர் ‘டி-கிரிட்’.

முதலில் இது இரண்டு ஆண்டு எம்எஃப்ஏ படிப்பு. 2014 வாக்கில் ஓராண்டு எம்ஏ படிப்பாக மாறியது. பெயரும் ‘டிசைன் ரிசர்ச், ரைட்டிங் அண்ட் கிரிட்டிசிசம்’ என்று ஆனது. பெயரில் ‘ரிசர்ச்’ முன்னால் வந்ததைக் கவனியுங்கள். விமர்சனம் என்பது மனதில் பட்டதைச் சொல்வதல்ல, தேடிக் கண்டுபிடித்துச் சொல்வது என்ற எண்ணம் பெயரிலேயே தெரிகிறது.

இங்கே படித்தவர்களில் நமக்கு நெருக்கமான ஒரு பெயர், அவினாஷ் ராஜகோபால். இந்தியாவிலிருந்து போய் எஸ்விஏவில் டிசைன் விமர்சனம் படித்தவர். அமெரிக்காவின் முக்கியமான டிசைன் இதழ்களில் ஒன்றான ‘மெட்ரோபோலிஸ்’ இதழின் தலைமை ஆசிரியராக உயர்ந்தவர்.

வகுப்பில் என்ன நடக்கும்?

‘டிசைன் படிப்பு’ என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது வரைவது, மாடல் செய்வது, கம்ப்யூட்டரில் வடிவமைப்பது. இந்த வகைப் படிப்புகளில் அது மையம் கிடையாது. இங்கே முக்கியமான வேலைகள் பொதுவாக இவைதான்:

• பொருளைக் கவனிப்பது: ஒரு சாதாரணப் பொருளை எடுத்து, என்ன பொருளால் ஆனது, எப்படித் தயாரானது, எப்படிக் கையில் பிடிக்கிறோம், எங்கே தேய்கிறது என்று பார்த்து எழுதுவது.

• ஆவணக் காப்பகத் தேடல்: பழைய வரைபடங்கள், காப்புரிமைப் பதிவுகள், விளம்பரங்கள், கடிதங்களைப் புரட்டி ஒரு டிசைனின் கதையைக் கண்டுபிடிப்பது.

• நேர்காணலும் களப்பணியும்: வடிவமைத்தவரிடம் பேசினால் மட்டும் போதாது. தயாரித்தவர், விற்றவர், தினமும் பயன்படுத்துபவர் எல்லோரிடமும் கேட்க வேண்டும்.

• பல வடிவங்களில் சொல்வது: இதழ்க் கட்டுரை, மதிப்புரை, பாட்காஸ்ட், கண்காட்சி, மேடைப் பேச்சு.

• ஆய்வேடு: ஒரே தலைப்பில் ஆழமாக இறங்கி எழுதி, கடைசியில் பொதுமக்கள் முன் பேசுவது.

ஒரு செய்தியாளரின் பயிற்சியும், வரலாற்று மாணவரின் பயிற்சியும், வடிவமைப்பாளரின் கண்ணும் சேர்ந்த கலவை இது.

‘ஆய்வு’ எத்தனை வகை?

டிசைன் துறையில் ‘ஆய்வு’ என்ற சொல்லே பலரைக் குழப்பும். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இருந்த கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் இதை மூன்றாகப் பிரித்துச் சொன்னார். இன்றும் வகுப்புகளில் இந்தப் பிரிவு பேசப்படுகிறது.

முதலாவது, டிசைனைப் பற்றிய ஆய்வு. அதன் வரலாறு, கோட்பாடு, சமூகப் பின்னணி. விமர்சனமும் எழுத்தும் பெரும்பாலும் இதில்தான் வரும்.

இரண்டாவது, டிசைன் வழியாக ஆய்வு. செய்து பார்ப்பதே தேடல். ஒரு எழுத்துருவை வரைந்து வரைந்து பார்த்துப் புதிய விஷயம் ஒன்றைக் கண்டுபிடிப்பது மாதிரி.

மூன்றாவது, டிசைனுக்காக ஆய்வு. ஒன்றை வடிவமைக்கும் முன் தகவல் திரட்டுவது. இன்று ஐடி நிறுவனங்களில் ‘யூசர் ரிசர்ச்’ என்று சொல்லப்படும் வேலை இதற்கு நெருக்கமானது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தப் பிரிவு ரொம்ப உதவும். எல்லா இடத்திலும் ‘டிசைன் ரிசர்ச்’ என்றே எழுதியிருப்பார்கள். ஆனால் ஓரிடத்தில் அது வரலாறு எழுதுவதாக இருக்கும், இன்னோரிடத்தில் செயலி சோதிப்பதாக இருக்கும். பாடத்திட்டத்தைப் படிக்காமல் சேர்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

வேறு எங்கே படிக்கலாம்?

லண்டனில் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டும், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகமும் இணைந்து 1982-ல் ‘டிசைன் வரலாறு’ முதுகலையைத் தொடங்கின. அருங்காட்சியகப் பொருள்களையே பாடப்புத்தகமாக வைத்துப் படிக்கலாம் என்பது இதன் சிறப்பு.

நியூயார்க்கிலேயே பார்சன்ஸ் கல்லூரியில், கூப்பர் ஹெவிட் டிசைன் அருங்காட்சியகத்துடன் இணைந்த வரலாறு மற்றும் கண்காட்சித் தொகுப்புப் படிப்பு வந்தது. 1993-ல் தொடங்கிய பார்ட் கிராஜுவேட் சென்டர், பொருள்சார் பண்பாட்டு ஆய்வுக்குப் பெயர் பெற்றது. நெதர்லாந்தின் டிசைன் அகாடமி ஐந்தோவனில் ‘கிரிட்டிக்கல் இன்கொயரி லேப்’ என்ற முதுகலைப் பிரிவு உருவானது.

ஒன்றை மறக்க வேண்டாம். இவை எல்லாமே சின்னப் படிப்புகள், மாணவர் எண்ணிக்கை குறைவு. பெயர் மாறும், காலம் மாறும், சில சமயம் சேர்க்கையே நின்றுபோகும். எஸ்விஏ படிப்பே சில ஆண்டுகளில் பெயரும் கால அளவும் மாறியதைப் பார்த்தோம். அதனால் நீங்கள் சேர நினைக்கும் ஆண்டில் சேர்க்கை உண்டா என்று கல்லூரியிடம் மின்னஞ்சலில் கேட்டு உறுதி செய்துகொள்வது முதல் வேலை.

இந்தியாவில் வாய்ப்பு இருக்கா?

டிசைன் விமர்சனத்துக்கென்றே தனி முதுகலைப் பட்டம் என்று பார்த்தால் இங்கே வாய்ப்பு குறைவுதான். ஆனால் டிசைன் ஆய்வுக்கு வழி இருக்கிறது.

சொல்லப்போனால் இந்தியாவின் டிசைன் கல்வியே ஒரு எழுத்திலிருந்துதான் பிறந்தது. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றிப் பார்த்து, 1958-ல் ‘இந்தியா ரிப்போர்ட்’ என்ற அறிக்கையைக் கொடுத்தார்கள். அதன் தொடர்ச்சியாக 1961-ல் அகமதாபாத்தில் என்ஐடி எனப்படும் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. 1969-ல் ஐஐடி பாம்பேயில் ஐடிசி என்ற டிசைன் மையம் வந்தது.

என்ஐடி பேராசிரியராக இருந்த எம்.பி.ரஞ்சன், சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து வடகிழக்கு மாநில மூங்கில், பிரம்பு கைவினைகளை ஊர் ஊராக ஆவணப்படுத்தி 1986-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். களப்பணி, வரைபடம், எழுத்து மூன்றும் சேர்ந்த ஆய்வுக்கு அது நல்ல உதாரணம்.

இங்கே நாம் ஆரம்பித்த ‘₹’ கதைக்கு மறுபடி வரலாம். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட அந்தக் குறியீட்டை வடிவமைத்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார். அப்போது அவர் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? ஐஐடி பாம்பேயின் ஐடிசியில், தமிழ் எழுத்து வடிவங்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வு! பிறகு ஐஐடி குவாஹாட்டியின் டிசைன் துறையில் பேராசிரியராகச் சேர்ந்தார். ‘ரூ’வா ‘₹’வா என்று நாடே விவாதித்த இரண்டு வடிவங்களில் ஒன்றுக்குப் பின்னால், தமிழ் எழுத்தைப் படித்த ஒரு டிசைன் ஆய்வாளர் இருக்கிறார்.

யார் சேரலாம்? என்ன கேட்பார்கள்?

வெளிநாட்டு எழுத்து, விமர்சனப் படிப்புகளுக்கு டிசைன் பட்டம் கட்டாயம் என்பது பொதுவாகக் கிடையாது. வரலாறு, இலக்கியம், இதழியல், கட்டடக்கலை, பொறியியல் என எந்தப் பின்னணியில் இருந்தும் விண்ணப்பிப்பவர்கள் உண்டு. வரைந்த படங்களின் தொகுப்பைவிட, எழுதிய மாதிரிகள்தான் இங்கே எடை போடப்படும். அதோடு ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்ற விளக்கக் கடிதம், பரிந்துரைக் கடிதங்கள், டோஃபெல் அல்லது ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் கேட்பார்கள்.

‘நான் தமிழில்தான் எழுதுவேன், என்ன செய்ய?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வகுப்பும் ஆய்வேடும் ஆங்கிலத்தில்தான். அதில் சலுகை கிடையாது. ஆனால் தமிழில் உள்ள மூலங்களைப் படிக்கத் தெரிவது பலம்தான். பழைய அச்சகங்கள், சினிமா பேனர்கள், கல்யாணப் பத்திரிகைகள், கடைப் பெயர்ப் பலகைகள் பற்றி ஆய்வு செய்ய தமிழ் தெரிந்தவர் வேண்டும்.

இந்தியாவில் பல நிறுவனங்களில் எம்.டெஸ் சேர ஐஐடி பாம்பே நடத்தும் ‘சீட்’ தேர்வு எழுத வேண்டும். பிளஸ் 2-க்குப் பிறகு குறைந்தது 3 ஆண்டு பட்டம் இருந்தால் எழுதலாம். வயது வரம்பு கிடையாது. மதிப்பெண் ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் எந்தப் பிரிவுக்கு எந்தப் பட்டம் வேண்டும் என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தனியாக வைத்திருக்கும். தேர்வுக் கட்டணம் கட்டும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். என்ஐடிக்கு ‘டாட்’ என்ற தனித் தேர்வு.

செலவு, விசா, வேலை: உடைத்துப் பேசலாம்

நியூயார்க்கில் தனியார் கல்லூரிக் கட்டணமும், வாடகையும் மிக அதிகம். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிப் போகிறவர்கள் இந்த மூன்று விஷயங்களைக் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, விசா. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படித்தவர்கள் ‘ஓபிடி’ திட்டத்தில் 12 மாதம் வேலை பார்க்கலாம். கூடுதலாக 24 மாதம் கிடைப்பது ‘ஸ்டெம்’ பட்டியலில் உள்ள படிப்புகளுக்கு மட்டும். எழுத்து, விமர்சனம் சார்ந்த படிப்புகள் பொதுவாக அதில் வராது. சேரும் முன்பே கல்லூரியிடம் இதை எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். ஓராண்டில் கடனை அடைக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு, பட்டத்தின் பெயர். அமெரிக்கக் கலைக் கல்லூரிகளில் எம்எஃப்ஏவை அந்தத் துறையின் உச்சப் பட்டமாக ஏற்பார்கள். எம்ஏவுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஆசிரியர் வேலைதான் குறிக்கோள் என்றால் எம்ஏ முடித்து முனைவர் பட்டமும் செய்ய வேண்டி வரலாம்.

மூன்று, வேலைச் சந்தை. முழுநேர டிசைன் விமர்சகர் பணியிடங்கள் உலகம் முழுக்கவே மிகக் குறைவு. பத்திரிகைகள் சுருங்கிவரும் காலம் இது. அதனால் இதைப் படித்தவர்கள் பல பக்கம் போகிறார்கள். இதழ் ஆசிரியர் குழு, அருங்காட்சியகம், கண்காட்சித் தொகுப்பு, பதிப்பகம், டிசைன் நிறுவனங்களில் ஆய்வு, ஐடியில் யூசர் ரிசர்ச், கல்லூரி ஆசிரியர் பணி... ‘விமர்சகர்’ என்ற விசிட்டிங் கார்டை மட்டும் நம்பிப் போனால் சிரமம். தேடவும், கேட்கவும், தெளிவாக எழுதவும் கற்றுக்கொள்ளப் போனால் அது எங்கேயும் உதவும்.

உங்களுக்கு செட் ஆகுமா? ஒரு சொம்பு போதும்!

லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். யோசனை நம்முடையதல்ல, ஈம்ஸ் தம்பதியுடையது.

அவர்கள் இந்தியாவில் பார்த்த பொருள்களில் அதிகம் வியந்தது எதைத் தெரியுமா? நம் வீட்டுச் சொம்பைத்தான். எவ்வளவு தண்ணீர் பிடிக்கும், எப்படித் தூக்குகிறோம், தண்ணீர் ஊற்றும்போது எப்படிச் சாய்கிறது, கையில் எப்படி இருக்கிறது, என்ன விலை, உடைந்தால் அந்த உலோகத்தை என்ன செய்யலாம் என்று அந்த அறிக்கையில் கேள்வி மேல் கேள்வியாக அடுக்கினார்கள். தனி ஒருவர் உட்கார்ந்து வரைந்த பொருள் இல்லை அது. தலைமுறை தலைமுறையாகப் பலர் கைபட்டு மாறி மாறி வந்த வடிவம்.

நீங்களும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர் குக்கர் கைப்பிடி, மருந்து அட்டை, பஸ்ஸின் முன்னால் ஓடும் எல்இடி பலகை, எதுவானாலும் சரி. அதைப் பயன்படுத்தும் மூன்று பேரிடம் பேசுங்கள். பிறகு ‘நல்லா இருக்கு’, ‘மோசம்’ என்ற இரண்டு சொற்களையும் பயன்படுத்தாமல் 500 வார்த்தை எழுதுங்கள்.

200 வார்த்தையிலேயே சலித்துவிட்டதா? அப்போது இந்தப் படிப்பு உங்களுக்கானது இல்லை, கடன் மிச்சம். 500 தாண்டியும் இன்னும் நாலு பேரிடம் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறதா? அந்தக் கட்டுரையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தோடு அனுப்ப வேண்டிய முதல் எழுத்து மாதிரியின் வரைவு அதுதான்.